படம் பாதி, பெட்டி பாதி

"அண்ணே, நேத்து ராத்திரி அந்தப் படத்தப் பார்த்தேன். சரியில்ல. ரெண்டாவது பாதி இழுக்குது. பாதிப் படம் ஒரே இருட்டு. பாட்டு வந்தா காது கிழியுது, பேசினா ஒன்னும் கேக்கல. மொத்தத்துல டிவி நாடகம் மாதிரி இருக்கு."

புக்கிட் பெருந்துங்கில் எந்த ஒட்டுக்கடையில் தே தாரே சொல்லிவிட்டு உட்கார்ந்தாலும் பக்கத்து மேசையிலிருந்து இப்படியொரு தீர்ப்பு காதில் விழும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் படம் அப்படித்தான் ஓடியிருக்கும். ஆனால் அந்த நான்கு குறைகளில் எது இயக்குநருடையது, எது வரவேற்பறைச் சுவரில் தொங்கும் பெட்டியுடையது என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். வீட்டில் படம் பார்த்து அபிப்பிராயம் சொல்லும் என்னைப் போன்ற ரசிகர்களுக்கு அந்தப் பிரிவினைதான் முதல் பாடம். பெட்டியின் பங்கைக் கழித்த பிறகு மிச்சம் இருப்பதே படத்தைப் பற்றிய நம் கருத்து. தேநீர் வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். புக்கிட் பெருந்துங் தொண்ணூறுகளில் எழும்பிய தாமான் ஊர். உலு சிலாங்கூரின் ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை நம்பிக் கட்டினார்கள். 1997-இல் பண நெருக்கடி வந்தது. வரிசை வரிசையாக வீடுகள் ஆளில்லாமல் நின்றன. விலை மலிவு என்று பிறகு வந்து சேர்ந்தவர்களில் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நிறைய. சுங்கை சோ பெரோடுவா தொழிற்சாலை, தஞ்சோங் மாலிம் புரோட்டோன் தொழிற்சாலை என்று ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களும் அப்படியே. புதுப்படத்தைத் தியேட்டரில் பார்க்க வேண்டுமானால் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்க வேண்டும். டோல், பெட்ரோல், ஒரு குடும்பத்துக்கு டிக்கெட், சோளப்பொரி என்று கூட்டிப் பார்த்தால் வீட்டு சோபாவே தேவலை என்று தோன்றும். ஆக, இங்கே சினிமா என்றால் பெரும்பாலும் வீட்டில் பார்ப்பதுதான்.

பெட்டி படத்தில் பங்கு கேட்பது இன்று நேற்று தொடங்கியதில்லை. பழைய தோட்டத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் பாய் விரித்தார்கள். அவர்களுக்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். மலேசியாவில் தொலைக்காட்சி 28 டிசம்பர் 1963-இல் தொடங்கியது. வண்ணம் வந்தது 1978-இல். 'ஆயிரத்தில் ஒருவன்' 1965-லேயே வண்ணப்படம். ஆனால் அந்தக் காலத்துப் பெட்டியில் எந்த வண்ணப்படம் வந்தாலும் கருப்பு வெள்ளைதான். கடல் எந்த நிறம், பட்டுச்சேலை எந்த நிறம் என்பதை அவரவர் மனதில் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு வீடியோ கேசட் வந்தது. இங்கேதான் முதல் குறைக்கு வருகிறோம்: இருட்டு.

மணிரத்னம் படம் என்றால் இருட்டில் எடுப்பார் என்று ஒரு கிண்டல் தமிழ் பேசும் எல்லா ஊரிலும் உண்டு. 'நாயகன்' 1987-இல் வந்தது; ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம். நிழலையும் நிழலுக்குள் இருக்கும் முகத்தையும் வெவ்வேறு அளவு வெளிச்சத்தில் பிரித்துக் காட்டிய படம் அது. பெரிய திரையில், நல்ல பிரதியில், முகத்தின் இருண்ட பக்கத்திலும் கண் அசைவது தெரியும். வி.எச்.எஸ். கேசட் ஏறத்தாழ 240 கோடு அளவுக்குத்தான் நுணுக்கம் காட்டும். கடையில் வாடகைக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் பிரதிக்குப் பிரதி எடுத்தது. ஒரே தேயிலைத் தூளில் மறுபடி மறுபடி வெந்நீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஒவ்வொரு பிரதியிலும் ஆகும். முதலில் போவது இருட்டுக்குள் இருக்கும் விவரம். நிழல் என்பது வெறும் கருப்பாகிவிடும்; கருப்புக்குள் புள்ளிகள் கொதிக்கும். அதைப் பார்த்தவர் "ஒரே இருட்டு" என்றுதானே சொல்வார்? கிண்டலுக்கு மணிரத்னத்தின் ரசனை ஒரு காரணம் என்றால், கேசட் இன்னொரு காரணம்.

அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாமே டிஜிட்டல் என்று சொல்லத் தோன்றும். டிஜிட்டல்தான். ஆனால் தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி வினாடிக்கு 250 மெகாபிட் வரை தகவல் தாங்கும். வைஃபை வழியே வீட்டுக்கு வரும் முழு எச்.டி. படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் வினாடிக்கு 5 மெகாபிட். இரண்டும் தகவலைச் சுருக்கும் முறை வேறு என்பதால் ஐம்பது மடங்கு தரக்குறைவு என்று அர்த்தமில்லை. சுருக்குகிற மென்பொருள் பகல் காட்சியில் பெரும்பாலும் கண்ணை ஏமாற்றிவிடும். ஆனால் இருட்டுக் காட்சியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் கருநீலமும் சாம்பலும் கருப்பும் ஒரே கருப்பு என்று முடிவுகட்டி, கட்டம் கட்டமாக ஒட்டி வைத்துவிடும். 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 'த லாங் நைட்' பகுதி ஒளிபரப்பானபோது ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் பார்வையாளர்கள் கத்தினார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், குறை வீட்டுத் தொலைக்காட்சி அமைப்பில் இருக்கிறது என்று பதில் சொன்னார். அந்த வழக்கில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வீட்டில் பார்ப்பதற்கென்றே எடுத்த தொடர் வீட்டில் தெரியாமல் போனால் எடுத்தவரும் யோசிக்கத்தான் வேண்டும். தியேட்டருக்கென்று எடுத்த படத்துக்கு அந்த வாதம் பொருந்தாது.

இன்னொரு விஷயம் அறை. தியேட்டர் திரையின் வெளிச்சம் உண்மையில் மிகக் குறைவு. அளவுகோலில் 48 நிட் என்பார்கள்; உங்கள் வீட்டுப் பெட்டி அதைவிடப் பல மடங்கு பிரகாசம். ஆனாலும் தியேட்டரில் இருட்டுக் காட்சி தெரிகிறது, வீட்டில் தெரிவதில்லை. ஏனென்றால் தியேட்டரில் வேறு வெளிச்சம் இல்லை. வீட்டில் சமையலறைக் குழல் விளக்கு திரையின் கருப்பு முழுவதிலும் பிரதிபலிக்கிறது. விளக்கை அணையுங்கள். பெட்டி தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் மின்சிக்கன அமைப்பு இருந்தால் அதையும் அணையுங்கள். கடையில் வாடிக்கையாளர் கண்ணைப் பறிப்பதற்காக வைத்திருந்த 'விவிட்' அமைப்பிலிருந்து 'மூவி' அல்லது 'சினிமா' அமைப்புக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளடித்துப் போனதாகத் தோன்றும். பிறகு கண் பழகிவிடும். மனிதத் தோல் மனிதத் தோலாகத் தெரியும்.

இரண்டாவது குறை: டிவி நாடகம் மாதிரி இருக்கிறது என்பது. நல்ல கண் உள்ளவர்கள் சொல்லும் குறை இது; காரணம் மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை. சினிமா வினாடிக்கு 24 படம் என்ற கணக்கில் ஓடுகிறது. பேசும் படம் வந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அந்த 24-இல் ஒரு லேசான தயக்கம் இருக்கும். நம் மூளை அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் 'இது கதை, இது சினிமா' என்று ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டது. ஸ்டூடியோவில் வீடியோ கேமராவில் எடுத்த பழைய தொலைக்காட்சி நாடகமோ நம் நாட்டு முறையில் வினாடிக்கு 50 தடவை அசைவைப் பதிவு செய்யும், வழுக்கிக்கொண்டு போகும். இன்றைய பெட்டி என்ன செய்கிறது தெரியுமா? சினிமாவின் 24 படங்களுக்கு இடையில் தானே புதிதாகப் படங்களை ஊகித்து வரைந்து செருகுகிறது. சாம்சங் இதை ஆட்டோ மோஷன் பிளஸ் என்றது, எல்.ஜி. ட்ரூமோஷன் என்றது, சோனி மோஷன்ஃப்ளோ என்றது. கால்பந்து பார்க்க அருமையான ஏற்பாடு; பந்து கலங்காமல் தெரியும். சினிமாவுக்கு இது வேண்டாத உபகாரம். கோடி கோடியாகச் செலவழித்த சண்டைக்காட்சி பக்கத்து வீட்டுக் கல்யாண வீடியோ போல் ஆகிவிடும்.

இதற்காக 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டஃபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவே வெளியிட்டார்கள்: தயவுசெய்து வீட்டுப் பெட்டியில் அதை அணைத்துவிடுங்கள் என்று. அடுத்த ஆண்டு பெட்டி தயாரிப்பாளர்கள் சிலர் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஓர் அமைப்பை அறிவித்தார்கள். அதை ஒருமுறை அழுத்தினால் இந்தச் செருகல் வேலையெல்லாம் நின்றுவிடும். உங்கள் பெட்டியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் மோஷன் என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் போய் அணைத்துவிடுங்கள்.

அசைவைச் சொன்னதால் வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுத் தொலைக்காட்சி பால் (PAL) முறையைப் பின்பற்றியது. அதற்கு வினாடிக்கு 25 படம் வேண்டும். 24 படத்தை 25 ஆக்க எளிய வழி, முழுப் படத்தையும் கொஞ்சம் வேகமாக ஓட்டுவது. இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். குரலும் பாட்டும் ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கும். ஆடியோ கேசட்டில் கேட்ட அதே பாட்டு டிவியில் வரும்போது எஸ்.பி.பி.க்கு வயது குறைந்துவிட்டது போல் இருந்ததாக நினைவிருந்தால், அது உங்கள் பிரமை இல்லை.

வி.சி.டி. காலத்தையும் தாண்ட முடியாது. பசார் மாலாமில் தட்டுகள் மலைமலையாகக் குவிந்திருந்த காலம். ஒரு தட்டில் 74 நிமிடம். படத்தின் நுணுக்கம் 352-க்கு 288 புள்ளி. இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படத்தை இரண்டு தட்டில் அடக்க எதையாவது இழந்தாக வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது தட்டு. அதைவிடப் பெரிய இழப்பு ஓரங்களில் நடந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. சினிமாஸ்கோப்பில் படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. பழைய பெட்டி கிட்டத்தட்ட சதுரம், அகலம் 1.33 மடங்குதான். மேலும் கீழும் கருப்புப் பட்டை வந்தால் காசுக்குக் குறைந்த படம் கிடைத்ததாக மக்கள் நினைத்தார்கள். அதனால் இரண்டு பக்கமும் நறுக்கித் திரையை நிரப்பினார்கள். கணக்குப் போட்டால் ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகமான படம் வெளியே போய்விடும். இடது ஓரத்தில் அம்மா, வலது ஓரத்தில் மகன், நடுவில் வெறும் கூடம் என்று ஒருவர் யோசித்து அமைத்த காட்சியில் நமக்குக் கூடம் மட்டும் மிஞ்சும்.

இன்றைய அகலப் பெட்டியிலும் சினிமாஸ்கோப் படத்தை நறுக்கித் திரையை நிரப்பினால் கால் பங்கு போகும். மறுபக்கம், 1952-இல் வந்த 'பராசக்தி' போன்ற பழைய படத்தை இழுத்து நிரப்பினால் சிவாஜியின் முகம் பூசணிக்காய் ஆகும். கருப்புப் பட்டை எந்தப் பக்கம் வந்தாலும் வரட்டும். அது படத்தைக் குறைக்கவில்லை, படத்தின் எல்லையைக் காட்டுகிறது.

மூன்றாவது குறை: பேசுவது கேட்கவில்லை. இன்றைய படங்களின் ஒலி தியேட்டரில் பல திசை ஒலிபெருக்கிகளுக்காகக் கலக்கப்படுகிறது. முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, அதிர்வுக்கு ஒன்று என்பது அதன் எளிய வடிவம். இந்தியாவில் 'குருதிப்புனல்' 1995-இல் டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்ததிலிருந்து தமிழ்ப்படங்கள் காதுக்காகவும் செலவு செய்யத் தொடங்கின. இதில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கு உரியது. உங்கள் பெட்டியிலோ காகிதம் போல் மெலிந்த உடம்புக்குள் இரண்டே இரண்டு சின்ன ஒலிபெருக்கிகள், அதுவும் தரையைப் பார்த்து. ஆறு வழி ஒலியை இரண்டாகக் குறுக்கும்போது வசனமும் பின்னணி இசையும் வெடிச்சத்தமும் ஒரே வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. சன்னமாகப் பேசுகிறவர் நசுங்கிப் போகிறார்.

செலவில்லாத வழி: படம் ஓடும் செயலியில் ஒலித் தேர்வுக்குப் போய் 5.1 என்பதை விட்டு ஸ்டீரியோ என்று இருந்தால் அதை எடுங்கள். பெட்டியில் பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பு இருந்தால் அதையும் வையுங்கள். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் நடு ஒலிபெருக்கி உள்ள சவுண்ட்பார் ஒன்று போதும். பெரிய பெட்டி வாங்கும் காசில் ஒரு பகுதியை ஒலிக்கு ஒதுக்கினால் வீட்டுச் சினிமா இரண்டு மடங்கு நல்ல சினிமாவாகும் என்பது என் கட்சி. தமிழ்ப்படத்தில் கண்ணை விடக் காதுக்கு வேலை அதிகம்.

நான்காவது குறைதான் சிக்கலானது: இழுக்கிறது என்பது. இதில் பங்கு பெட்டிக்கு மட்டும் இல்லை, நமக்கும் உண்டு.

தமிழ்ப்படம் இடைவேளையை நம்பிக் கட்டப்படுகிறது. முதல் பாதியின் முடிவில் ஒரு திருப்பம்; திரையில் 'இடைவேளை' என்று எழுத்து; பதினைந்து நிமிடம் வெளியே போய் அந்தத் திருப்பத்தைப் பேசிவிட்டு வருகிறோம். இரண்டாம் பாதி மறுபடி நிதானமாகத் தொடங்கலாம், ஏனென்றால் நாம் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறோம். வீட்டில் அந்த எழுத்து மின்னி மறைகிறது, நாம் எழுந்திருப்பதில்லை. திருப்பத்தின் உச்சத்திலிருந்து நேராக நிதானத்துக்குள் விழுகிறோம். உடனே இரண்டாம் பாதி இழுக்கிறது என்கிறோம். இதற்கு எதிர்மாறான வழக்கமும் உண்டு. ஷிஃப்ட் முடிந்து வந்து அரைமணி, சாப்பாட்டோடு அரைமணி, மறுநாள் மிச்சம் என்று ஐந்து துண்டாகப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் எந்தப் படமும் மூச்சுத் திணறும். 'இடைவேளை' என்று வந்தால் நிறுத்துங்கள், தேநீர் கலக்குங்கள், திரும்பி வந்து முடியும்வரை உட்காருங்கள். இரண்டே அமர்வில் பார்க்க நேரமில்லாத நாளில் வேறு எதையாவது பார்க்கலாம்.

இன்னொன்று விசிலுக்கு விட்ட இடம். 1995-இல் வந்த 'பாட்ஷா'வில் மாணிக்கம் யார் என்பது தெரிய எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம், நினைத்துப் பாருங்கள். நட்சத்திரம் நடந்து வரும்போது மெதுவாக நகரும் அந்த நீண்ட கணம், ஒரு வரி வசனத்துக்குப் பிறகு வரும் மௌனம், இவையெல்லாம் கூட்டம் கத்தி முடிப்பதற்காகவே விட்ட இடைவெளி. கூட்டம் இல்லாத வீட்டில் அந்த இடைவெளி வெறும் காலியிடமாகத் தெரியும். பெருநாளில் உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில் அதே படத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு இடமும் காலியாக இருக்காது. ஆகவே நட்சத்திரப் படத்தைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது பாதிச் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுவது.

தணிக்கை வெட்டையும் மறந்துவிடக் கூடாது. நீங்கள் பார்த்ததும் சென்னையில் பார்த்ததும் ஒரே படமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2013-இல் 'விஸ்வரூபம்' இங்கே திரைக்கு வந்தவுடனேயே நிறுத்தி வைக்கப்பட்டது. 2016 ஜூலையில் வந்த 'கபாலி'யின் கடைசிக் காட்சியில், துப்பாக்கியோடு ஒருவன் நெருங்க, திரை இருண்டு வெடிச்சத்தம் மட்டும் கேட்கும். என்ன ஆனது என்பது நம் ஊகத்துக்கு. மலேசியத் திரைகளில் அதற்குப் பிறகு கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாக ஒரு வாசகம் சேர்ந்தது. கேள்வியாக முடிந்த படம் இங்கே பதிலாக முடிந்தது. முடிவு சப்பென்று இருந்தது என்று ஒருவர் சொன்னால், எந்த ஊர்ப் பிரதி என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, பெட்டியின் பங்கு, அறையின் பங்கு, கத்திரியின் பங்கு, நம் சோம்பலின் பங்கு எல்லாவற்றையும் கழித்தாயிற்று. மிச்சத்தில் என்ன நிற்கிறது? நம் மண்ணோடு சம்பந்தப்பட்ட மூன்று படங்களை இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். மூன்றுக்கும் மூன்று விதமாக விடை வருகிறது.

முதலில் 'கபாலி'. அதே கடைசி வாசகத்தை மறந்துவிட்டு, ஒலியைச் சரிசெய்து, இடைவேளையில் நிறுத்தி, ஆட்களைக் கூட்டி வைத்துப் பார்த்தாலும் இரண்டாம் பாதிக் குண்டர் சண்டை இழுக்கத்தான் செய்கிறது. இந்தக் குறை படத்தினுடையதுதான், தாராளமாகச் சொல்லலாம். பா.ரஞ்சித் தோட்டத் தொழிலாளியின் சம்பளப் போராட்டத்திலிருந்து எழுந்து வந்த ஒரு மனிதனைக் காட்டுகிறார். மனைவி குமுதவல்லியைத் தேடிப் போகும் பகுதியில் ரஜினிகாந்த் நட்சத்திர உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடிக்கிறார். ராதிகா ஆப்தேயோடு அவர் சேரும் இடம் படத்தின் உயிர். அதை விட்டுவிட்டு வின்ஸ்டன் சாவோவின் கும்பலோடு துப்பாக்கிக் கணக்குத் தீர்க்கப் போகும்போது எத்தனையோ படங்களில் பார்த்த பாதைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கதை மலேசியாவில் நடக்கிறது. ஆனால் முக்கியமானவர்கள் வாயில் நம் ஊர்த் தமிழ் அவ்வளவாக இல்லை. லயத்துப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது நெருடும்.

அடுத்தது 'செம்மண் சாலை'. தீபக் குமாரன் மேனன் இயக்கி 2005-இல் வந்த மலேசியத் தமிழ்ப்படம். அறுபதுகளின் ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தி பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிறாள். கதை அவ்வளவுதான். "ஒன்னும் நடக்கலையே, அண்ணே" என்பது இந்தப் படத்தின் மேல் எளிதாக வரும் புகார். எல்லா அமைப்பையும் சரிசெய்து பார்த்தாலும் படம் மெதுவாகத்தான் போகும். ஆனால் இங்கே மெதுவாகப் போவது குறையாக மிஞ்சவில்லை. விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, வெயில் ஏறும்வரை மரம், பிறகு பால் நிறுப்பு என்று ஒரே வட்டத்தில் சுற்றிய வாழ்க்கையில் அதிலிருந்து வெளியேறும் ஆசை ஒன்றுதான் சம்பவம். வேகமாகக் காட்டியிருந்தால் அந்த ஆசையின் எடை தெரிந்திருக்காது. இந்தப் படத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கவே கூடாது. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத் தோட்டங்களில் இருந்த பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. படம் சொல்லாமல் விட்டதை அவர்கள் சொல்லிக்கொண்டே வருவார்கள்.

மூன்றாவது 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கு நகர்ந்த காலம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். படித்து முன்னேறு என்று அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் ஓர் உறவினர், போதைப் பழக்கத்திலிருந்து எழப் பார்க்கும் இன்னொருவர். இவர்களுக்கு நடுவே கற்பனை வளமுள்ள ஒரு பிள்ளை எந்தப் பக்கம் சாய்வான் என்பதுதான் கதை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்தார்கள். திரைத்துறையிலேயே எதிர்ப்புக் கிளம்ப, விதி மாறியது. சிறந்த மலேசியப் படம் என்ற விருதை 'ஜகாட்' வாங்கியது.

இந்தப் படத்தில் எனக்குப் பெரிது விருது இல்லை, பேச்சு. தமிழுக்குள் மலாயும் சீனமும் தானாகக் கலந்து ஓடும் நம் தாமான் பேச்சு அப்படியே இருக்கிறது. மெல்லிய பெட்டியின் ஒலிபெருக்கியில் கேட்டால் அதில்தான் பாதி போய்விடும். இங்கே குறையாகத் தெரிவதில் பெரும்பங்கு பெட்டியுடையது. ஒலியைச் சரிசெய்ததும் படம் நிமிர்ந்து உட்காரும். கழித்த பிறகும் மிஞ்சும் குறை ஒன்று எனக்கு உண்டு. பெண்களுக்குக் கதையில் இடம் போதவில்லை. அந்த வீடுகளைத் தாங்கிப் பிடித்தவர்கள் அம்மாமார்கள்தான் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் படம் அப்பனையும் பிள்ளையையும் விட்டுக் கண்ணெடுப்பதில்லை. அப்பா அடிக்கும் அடியில் கோபத்தை விடப் பயம் அதிகம் என்பதைக் காட்டியதற்காக அந்தக் குறையோடும் இந்தப் படத்துக்குத்தான் என் முதல் இடம்.

வீட்டில் பார்ப்பவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. தியேட்டரில் காட்சி ஓடிப் போனால் போனதுதான். வீட்டில் பின்னால் ஓட்டலாம், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம், பிள்ளைக்குக் காட்டி அது என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து தியேட்டர்கள் மூடியிருந்த மாதங்களில் பல குடும்பங்கள் இதைத்தான் செய்தன. அந்த ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று' தியேட்டருக்கே போகாமல் நேராக வீட்டுக்கு வந்தபோது, வரவேற்பறைதான் அதன் முதல் நாள் முதல் காட்சி. வீட்டு ரசிகர் இரண்டாம் தரப் பார்வையாளர் என்ற பேச்சு அதோடு போய்விட்டது. பொறுப்பும் கூடிவிட்டது.

ஆகவே அடுத்த முறை ஒட்டுக்கடையில் படத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு வரியை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்: எதில் பார்த்தேன், எப்படிப் பார்த்தேன். "ஹேண்ட்போன்ல, பஸ்ல, ரெண்டு நாளா பார்த்தேன், பிடிக்கல" என்று சொன்னால் கேட்பவருக்கு எடைபோடத் தெரியும். "விளக்க அணைச்சு, மோஷன அணைச்சு, இடைவேளைல மட்டும் எழுந்து பார்த்தேன், அப்பவும் பிடிக்கல" என்று சொன்னால் அந்தப் படத்துக்கு நிஜமாகவே ஏதோ கோளாறு. அந்தக் கருத்தோடு நான் சண்டை போடுவேன், ஆனால் மதிப்பேன். கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள், 'கபாலி'யின் இரண்டாம் பாதியைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது.